மடித்து வைத்த விடைத்தாள்

கேள்வி

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 20. தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.காம். அக்கவுண்டிங், இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். என் பாட்டி, ஆயாவிடமும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் ஆறு டிஸ்டிங்ஷன் வாங்கினேன். பள்ளிக்கூட வேலியில் என் படத்தைப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். முதலாண்டு ஒருவழியாகப் போய்விட்டது. இந்த மார்ச்சில் நடந்த அக்கவுண்டிங் டெஸ்டில் 60-க்கு 23. ஒன்றரை மணி நேரத் தாள். முதல் கேள்வியில் இரு பக்கமும் ஒத்து வரவில்லை, 4,000 ரேண்டு உதைத்தது. அதைத் தேடிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் 50 நிமிடம் போய்விட்டது. அப்புறம் எதை வாசித்தாலும் எழுத்து தெரிந்தது, பொருள் ஏறவில்லை. தாளின் முகப்பில் 20-க்கு 16, 25-க்கு 7, 15-க்கு 0 என்று போட்டிருக்கிறது. உள்ளே நான் பார்க்கவே இல்லை. மடித்துப் பைக்குள் வைத்தது அப்படியே கிடக்கிறது.

அன்றிலிருந்து, பாட அறிவிப்புகள் வரும் மூடில் இணையப் பக்கத்தைத் திறக்கக் கை வருவதில்லை. இரவு இரண்டு மணி வரை மூன்று நிறப் பேனாவில் நோட்ஸ் எழுதுகிறேன். காலையில் டாக்சியில் ஏறும்போதே குமட்டுகிறது. ஒரு கணக்காய்வு நிறுவனம் படிக்கப் பர்சரி (உதவித்தொகை) தருகிறது. சராசரி 60-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். அப்பா இதே வளாகத்தில் படித்தவர். தாத்தா சாலிஸ்பரி தீவில் படித்து ஆசிரியரானவர். அம்மா எனக்காக வெள்ளிதோறும் விரதம் இருக்கிறார். நான் பாஸ் செய்தால் காவடி எடுப்பதாக வேண்டுதல். நான் தோற்றால் அந்த விரதத்துக்கு என்ன அர்த்தம்? சில நாள் விடியாமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. என் மூளை மழுங்கிவிட்டதா அக்கா? நான் இதற்கு லாயக்கே இல்லையா?

ஒரு மாணவி, சாட்ஸ்வொர்த்

பதில்

அன்புத் தங்கச்சி,

உன் தமிழில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "விடியாமலே இருந்தால் நல்லது" என்று எழுதியிருக்கிறாயே, அதை முதலில் பேசிவிடுவோம். டெஸ்ட் இல்லாத ஒரு நாள் வேண்டும் என்று ஏங்கி அப்படி எழுதினாயா, நானே இருக்க வேண்டாம் என்று நினைத்து எழுதினாயா, கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது என்றால் இந்தப் பதிலை இத்தோடு நிறுத்திவிட்டு 0800 567 567 என்ற எண்ணுக்கு அழை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவும் சாடாக் அமைப்பின் எண் அது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். பக்கத்து அறையில் தூங்குகிறவரையும் எழுப்பு. மணி என்ன என்று பார்க்காதே.

சரி, இப்போது விடைத்தாளுக்கு வருவோம். நீ அதைப் பிரிக்கவில்லை. ஆனால் முகப்பில் இருந்த மூன்று எண்ணையும் எழுதிவிட்டாய். அதை வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

90 நிமிடத்தில் 60 மார்க். ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடம். முதல் கேள்விக்கு உனக்கு இருந்தது 30 நிமிடம். நீ கொடுத்தது 50. அந்தக் கேள்வியில் நீ வாங்கிய 16 என்பது 80 சதவீதம். மெட்ரிக்கில் டிஸ்டிங்ஷன் என்று கொண்டாடுகிறோமே, அதே கோடு. கூடுதலாகக் கொடுத்த 20 நிமிடம் ஏறக்குறைய 13 மார்க்குக்கு உரிய நேரம். அதை 4,000 ரேண்டைத் தேடுவதில் செலவழித்துவிட்டாய். மூன்றாம் கேள்வியை நீ தொடவே இல்லை, அதனால்தான் அங்கே 0. தொட்ட இரண்டு கேள்விக்கும் சேர்த்து 45-க்கு 23 வாங்கியிருக்கிறாய். அது பாதிக்கு மேல். மழுங்கிய மூளையால் அவ்வளவு அவசரத்திலும் அவ்வளவு பயத்திலும் இதை வாங்க முடியாது.

கணக்கு உதைத்தால் விடாமல் தேடுவது பள்ளிக்கூடத்தில் நல்ல பழக்கம். இரு பக்கமும் ஒத்துவந்தால்தான் டீச்சர் பெரிய சரி போடுவார். பல்கலைக்கழகத் தாளைத் திருத்துகிறவர் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக மார்க் போடுகிறார். ஓரிடத்தில் எண் பிசகினாலும், பிசகிய எண்ணை வைத்து நீ அடுத்த படியை முறையாகச் செய்திருந்தால் அந்தப் படிக்கு மார்க் உண்டு. அதனால் உதைக்கிற கணக்கை உதைத்தபடியே விட்டுவிட்டு, ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம். இதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை என்று நினைக்கிறேன். ஆறு டிஸ்டிங்ஷன் வாங்கிய பெண்ணுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று விட்டிருப்பார்கள்.

அப்புறம் எழுத்து தெரிந்தது, பொருள் ஏறவில்லை என்றாயே. அதுவும் மூளைக் குறைபாடு இல்லை. கணக்குப் போடும்போது மனம் ஒரு சின்னச் சிலேட்டில் எழுதி எழுதி அழிக்கிறது. அந்தச் சிலேட்டு எல்லோருக்குமே சின்னதுதான். "பர்சரி போய்விடும், அப்பா முகம் எப்படி இருக்கும்" என்று அதில் பாதியை நிரப்பிவிட்டால் கணக்குக்கு இடம் எங்கே இருக்கிறது? தேர்வு பயத்தில் உடம்பின் படபடப்பு ஒரு பங்கு, மனத்தின் கவலைப் பேச்சு இன்னொரு பங்கு என்று உளவியலில் 1967-லேயே பிரித்துச் சொல்லிவிட்டார்கள். மார்க்கை அதிகம் தின்பது கவலைப் பேச்சுதான். கை நடுங்கினாலும் எழுதிவிடலாம்.

உன் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது 23 இல்லை. பைக்குள் மடிந்து கிடக்கிற அந்தத் தாள்தான். பயம் அந்த டெஸ்டில் பிறந்திருக்கலாம், ஆனால் இன்றுவரை அதற்குச் சோறு போட்டு வளர்ப்பது அந்த மடிப்பு. மூடிலைத் திறக்கப் போகிறாய், நெஞ்சு அடிக்கிறது, மூடி வைக்கிறாய், ஒரு நிமிடம் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் இங்கே ஆபத்து. திறக்காததால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் வேகமாக அடித்துக்கொள்கிறது. இதற்கிடையில் உள்ளே வந்து விழுகிற அறிவிப்புகளும் டியூட்டோரியல் தேதிகளும் உனக்குத் தெரியாமலே போகின்றன. டி.பி., அதாவது தேர்வெழுதும் தகுதி, கிடைக்காவிட்டால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். டி.பி.க்கு என்னென்ன வேண்டும் என்பதும் நீ திறக்காத அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஆலோசனை கேட்டு என்னிடம் ஒரு பையன் வந்தான், இரண்டாம் ஆண்டுதான். ஐந்து வாரம் ஈமெயிலைத் திறக்கவில்லை. என் மேசையில் உட்கார்ந்து திறந்தோம். 60-க்கு மேல் வந்து கிடந்தன. அவனைப் பற்றியவை நான்கே. அதில் ஒன்று, உடல்நலக் குறைவால் தவறவிட்ட டெஸ்டைத் திரும்ப எழுத அவனுக்குக் கொடுத்த வாய்ப்பு. அதன் தேதி தாண்டிப் போயிருந்தது. அவன் அழுததை நான் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: நாளை மாலை நான்கு மணிக்கு, நூலகத்தில், பத்து நிமிடம் மட்டும் திற. வாசி, தேதிகளை ஒரு தாளில் எழுது, மூடு. மறுநாளும் பத்தே நிமிடம். நெஞ்சு அடித்தால் அடிக்கட்டும், அடித்துக்கொண்டிருக்கும்போதே வாசி. நான்கைந்து நாளில் அது தானாக இறங்குவதைப் பார்ப்பாய். இரவு இரண்டு மணிக்கு மட்டும் திறக்காதே, அந்நேரத்தில் எந்த எண்ணும் பெரிதாகத்தான் தெரியும்.

மூன்று நிறப் பேனாவைப் பற்றி. நீ சோம்பேறி இல்லை என்பதற்கு அந்த நோட்ஸே சாட்சி. ஆனால் பார்த்து எழுதுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் தெரிந்துவிட்டது என்ற நினைப்பைத் தருமே தவிர, தேர்வு மேசையில் கைகொடுக்காது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தைத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். உனக்கு டெஸ்ட் ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. பழைய கேள்வித்தாள் ஒன்றை எடு, போனில் மணி வை, நோட்ஸை அடுத்த அறையில் வை. 20 மார்க் கேள்விக்கு 30 நிமிடம் ஆனதும் பேனாவை வைத்துவிடு, கணக்கு உதைத்தாலும் சரி. முதல் வாரம் அசிங்கமாகத்தான் வரும். அந்த அசிங்கம் வீட்டு மேசையில் வரட்டுமே. பதினொரு மணிக்குப் படு. அன்று படித்தது மனத்தில் உறைவது தூக்கத்தில்தான். தூக்கத்தை விற்று நோட்ஸ் வாங்குகிற வியாபாரத்தில் உனக்கு நட்டம்.

மெட்ரிக்கிலிருந்து இங்கே வரும்போது நிலமே மாறிவிடுகிறது. மெட்ரிக்கில் சில பாடங்களுக்கு 30 சதவீதமே பாஸ், இங்கே 50. அங்கே வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் டீச்சர் அம்மாவுக்குப் போன் போடுவார்; இங்கே நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் நீ வராததே யாருக்கும் தெரியாது. இந்த மாற்றத்தில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் சுமாராகப் படித்தவர்கள்தான் என்று வெளியே நினைக்கிறார்கள். என் அறைக்கு வருகிறவர்களில் பள்ளி வேலியில் படம் தொங்கியவர்கள் நிறைய. சுமாராகப் படித்த பிள்ளைக்கு 38 வாங்கிப் பழக்கம் உண்டு. அடுத்து என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று அதற்குத் தெரியும். உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்தப் படத்தில் இருப்பவளுக்கு 18 வயது, இரண்டாம் ஆண்டு அக்கவுண்டிங்கை அவள் கண்ணால் கண்டதில்லை. அவளோடு உன்னை ஒப்பிட்டுக்கொள்ளாதே.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரியில் ரிசல்ட் வந்ததும் பிள்ளைகளின் முகத்தை பேனரில் போடுவதை நான் மனதார எதிர்க்கிறேன். கோயில் வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் "எத்தனை ஏ?" என்று கேட்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். சாமி கும்பிட வந்த இடத்தில் அது பதில் சொல்ல முடியாமல் நிற்கிறது.

ஆனால் நம் வீடுகளில் மார்க்குக்கு ஏன் இத்தனை கனம் என்பதும் எனக்குத் தெரியும். கரும்புத் தோட்டத்திலிருந்து மேலே வர நம்மவர்களுக்குப் படிப்பை விட்டால் வேறு ஏணி இருக்கவில்லை. 1929-ல் திறந்த சாஸ்திரி கல்லூரிக்கு நம் மக்கள் காசு திரட்டிக் கொடுத்தார்கள். 1961-ல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு கல்லூரியை அரசு தொடங்கியபோது, துறைமுகத்துக்கு நடுவில் சாலிஸ்பரி தீவில், பழைய படைக் கட்டடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். உன் தாத்தா படகேறிப் போய்ப் படித்திருப்பார். 1972-ல் அது வெஸ்ட்வில் மலைக்கு வந்தது. அங்கே உன் அப்பா படித்தார். 2004-ல் எல்லாம் ஒரே பல்கலைக்கழகமாக இணைந்தது, இன்று அதே மலையில் நீ ஏறுகிறாய். ஒரு டெஸ்டுக்குப் போகும்போது இத்தனை பேரையும் தோளில் சுமந்துகொண்டு போனால் குமட்டாமல் என்ன செய்யும்?

ஒன்று கேட்கிறேன். தாத்தாவோ அப்பாவோ எந்தப் பாடத்தில் தவறினார்கள் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. குடும்பக் கதையில் படகு இருக்கும், பட்டம் இருக்கும், தவறிய பாடம் இருக்காது. அப்பாவிடம் சும்மா ஒரு நாள் கேள்: "அப்பா, வெஸ்ட்வில்லில் உங்களுக்கு எந்தப் பாடம் வரவில்லை?" இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகள் பலர், அப்பா முதல்முறையாகத் தன் கதையைச் சொன்னார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவின் விரதம் வேறு. அதை நீ கடனாக எடுத்துக்கொண்டிருக்கிறாய், திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகையாக. அம்மாவால் உனக்குக் கணக்குச் சொல்லித்தர முடியாது. தேர்வு அரங்கு வரை வர முடியாது. நீ இரவில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவர் கையில் இருப்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான். நீ 80 வாங்கினாலும் 38 வாங்கினாலும் அந்த வெள்ளிக்கிழமை உனக்காகக் கொடுத்ததுதான், கொடுத்து முடித்தாயிற்று. காவடி அவருக்கும் முருகனுக்கும் இடையில் உள்ளது. அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பர்சரி விஷயத்தில் இரண்டே சொல். ஒப்பந்தத்தை எடுத்து, 60 என்பது ஒவ்வொரு டெஸ்டுக்குமா ஆண்டு முடிவின் சராசரிக்கா என்று பார். பெரும்பாலும் ஆண்டு முடிவுக்குத்தான் இருக்கும். அடுத்து, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே எழுது: "முதல் டெஸ்ட் சரியாகப் போகவில்லை, நேரத்தைப் பிரிப்பதில் தவறினேன், இன்னின்ன செய்கிறேன்." மறைத்தவர்களைவிட முன்கூட்டியே எழுதியவர்களிடம் அவர்கள் நன்றாக நடந்துகொள்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பல்கலைக்கழகம் மாணவர்களின் தேர்ச்சி நிலையைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று குறிக்கிறது. ஆண்டு முடிவில் உன் நிலை ஆரஞ்சுக்குப் போனால்கூட, தெருவில் ரோபாட் (போக்குவரத்து விளக்கு) ஆரஞ்சாகும்போது நாம் என்ன செய்கிறோமோ அதுதான் பொருள்: வேகத்தைக் குறை, சுற்றும் பார். உதவிப் பிரிவிலிருந்து கூப்பிடுவார்கள், போ. 50-க்குச் சற்றுக் குறைந்தால் சப் என்ற துணைத் தேர்வு எழுத வழி இருக்கிறது. ஓராண்டு கூடினாலும் நீ தனியாள் இல்லை. இந்த நாட்டின் உயர்கல்விக் குழு 2013-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நேரில் சென்று படிக்கும் பல்கலைக்கழகங்களில் குறித்த ஆண்டுக்குள் பட்டம் வாங்குகிறவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

உன் வகுப்பில் உனக்குப் பக்கத்தில் இருப்பவர்களையும் நினைத்துப் பார். வீட்டில் சூலு பேசி, பாடத்தை ஆங்கிலத்தில் படித்து, அரசின் என்எஸ்ஃபாஸ் உதவிப் பணம் எப்போது வரும் என்று தெரியாமல், வந்தால் அதில் பாதியை ஊருக்கு அனுப்புகிற பிள்ளைகள் அங்கே உண்டு. அவர்கள் கஷ்டத்தைச் சொல்லி உன் கஷ்டத்தைச் சின்னதாக்க இதை எழுதவில்லை. நீங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய தாளை மணி வைத்துப் போட்டுப் பாருங்கள். தன் 38-ஐ மேசைமேல் வைக்கிற முதல் ஆள் நீயாக இருந்தால், மற்றவர்களும் தங்களுடையதை எடுத்து வைப்பார்கள்.

குமட்டலை மனப் பிரச்சினை என்று நானே முடிவு கட்டிவிடக் கூடாது. இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தாலும் தைராய்டு சரியில்லாவிட்டாலும் படபடப்பு, களைப்பு, தூக்கமின்மை வரும். உன் வயதுப் பெண்களிடம் இரண்டையும் பார்த்திருக்கிறேன். வளாக மருத்துவ நிலையத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள். விழித்திருக்க எனர்ஜி டிரிங்க் குடிக்கிறாய் என்றால் இன்றோடு நிறுத்து, பாதிப் படபடப்பு அதனாலேயே இருக்கலாம். அங்கேயே மாணவர் ஆலோசனைப் பிரிவும் இருக்கிறது, மாணவர்களுக்குக் கட்டணமில்லை. இரண்டு வாரத்தில் குமட்டலும் தூக்கமின்மையும் குறையாவிட்டால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். காவடி எடுத்துப் போகும்போது துணைக்கு ஆள் வருவதைப்போல் அதற்கும் யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாம்.

அடுத்த டெஸ்ட் அன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தாளை வாங்கியதும் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அதை முடிக்க வேண்டிய மணியைப் பென்சிலால் எழுது: 9.30, 10.08, 10.30 என்று. அந்த மணி வந்தால் நகர்ந்துவிடு. எழுத்து மறுபடி மங்கினால் பேனாவை வை, மூச்சை உள்ளே இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடு, ஐந்து முறை. உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வரியை எங்கேயாவது எழுது. கை ஓடத் தொடங்கினால் கண்ணும் வாசிக்கத் தொடங்கும்.

கடைசியாக ஒன்று. அப்பா அம்மாவுக்கு வாசிக்க வராது என்று தமிழில் எழுதினாய். ஆனால் அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இதை எழுதும்போது ஆயா உன் நினைவில் இருந்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டு. அப்புறம் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, இரண்டாம் கேள்வி இருக்கிற பக்கத்தை அவர் கையில் கொடு. ஆயாவுக்குக் கணக்கு விளங்க வேண்டியதில்லை. அவர் பிடித்துக்கொண்டிருக்கட்டும், நீ பேனாவை எடுத்து, அந்த 7 எங்கெங்கே கிடைத்தது என்று பார்.

அன்புடன்,
அக்கா